கூப்பிடு தூரம்: கம்பியில்லாத் தொலைபேசியின் எல்லையும் வசதிகளும்



மொழி மன்றம் ஒன்றின் மேடையில் தொலைபேசியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இதில் மொழிக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். இந்த உரை முடிவதற்குள் அவ்வினாவிற்கு விடை கிடைத்துவிடும் என்று நம்புகிறோம்.

நம் முன்னோர் தொலைவை அளக்கக் குரலையே கோலாகக் கொண்டிருந்தனர். 'கூப்பிடு தூரம்' என்னும் வழக்கை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். பழைய நீட்டலளவை வாய்பாடுகளில் 'கூப்பீடு' ஓர் அளவாகவே இடம்பெற்றது. நான்கு கூப்பீடு கொண்டது ஒரு காதம். ஒருவர் உரக்க அழைத்தால் மற்றவர் செவிக்கு எட்டும் தொலைவு எதுவோ, அதுவே கூப்பிடு தூரம். அந்தத் தூரம் எங்கும் ஒன்றுபோல் இராது. வயல்வெளியில் நீளும், மதிற்சுவர்களுக்கு இடையில் குறுகும், காற்று எதிர்த்து வீசினால் தேயும். கம்பியில்லாத் தொலைபேசியின் எல்லையும் இத்தன்மையதே. இந்த ஒரு கருத்தை மனத்தில் இருத்திக்கொண்டால், இன்று நாம் பேசப்போவதில் பாதி விளங்கிவிடும்.

ஒரு வீட்டில் நிகழ்ந்தது

நாங்கள் சிலர் ஒரு சிறு குழுவாக, தனித்து வாழும் முதியோரின் வீடுகளுக்கு ஓய்வு நாள்களில் சென்று வருகிறோம். தொலைக்காட்சியைச் சரிசெய்வது, மின்விளக்கை மாற்றுவது, கடிதங்களைப் படித்துச் சொல்வது போன்ற சிறு உதவிகளைச் செய்கிறோம். அவ்வாறு சென்ற ஒரு வீவக வீட்டில் கண்டதே இவ்வுரைக்குத் தூண்டுகோல் ஆயிற்று.

எழுபத்தெட்டு வயதுடைய அம்மையார் ஒருவர் அங்கே தனியாக வாழ்கிறார். அவருக்குக் கைத்தொலைபேசியின் கண்ணாடித் திரை ஒத்துவரவில்லை. பெரிய பொத்தான்கள் கொண்ட கம்பியில்லாத் தொலைபேசி ஒன்றை மகன் வாங்கிக் கொடுத்திருந்தார். எங்கு சென்றாலும் அதைக் கையிலோ இடுப்புப் பையிலோ வைத்துக்கொள்ளுமாறு சொல்லியும் இருந்தார். அம்மையார் அதை ஒருநாளும் தவறவிட்டதில்லை. ஆனால் சமையலறைக்குள் நுழைந்தவுடன் அந்தக் கருவி மும்முறை 'கீக் கீக் கீக்' என்று ஒலிக்கும். மின்கலம் தீர்ந்துவிட்டது என்று அவர் எண்ணினார். இருமுறை புதிய மின்கலங்களும் வாங்கிப் போட்டார். ஒலி நிற்கவில்லை. பிறகு அதைப் பொருட்படுத்துவதை விட்டுவிட்டார்.

ஒருநாள் காலையில் சமையலறையின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்தார். எழ முடியவில்லை. தொலைபேசி இடுப்பிலேயே இருந்தது. 995 என்னும் எண்ணை அழுத்தினார். மீண்டும் மீண்டும் அழுத்தினார். ஒவ்வொரு முறையும் அதே மூன்று ஒலி. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து, வழக்கமாகப் பேச வரும் அண்டை வீட்டார் கதவைத் தட்டி, விடை வராததால் ஐயுற்று, உதவியை அழைத்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அம்மையார் தேறிவிட்டார், இன்று ஊன்றுகோலுடன் நடக்கிறார்.

அந்தக் கருவியில் பழுது ஏதும் இல்லை. அது தன் கடமையைச் சரியாகவே செய்திருந்தது. 'என் தளக்கருவிக்கு நான் எட்டவில்லை. இங்கிருந்து அழைக்க முடியாது' என்று பல மாதங்களாக அவரிடம் அது சொல்லிக்கொண்டே இருந்தது. அதன் மொழி அவருக்குத் தெரியவில்லை. அதனுடன் வந்த கையேட்டில் நான்கு மொழிகள் இருந்தன, தமிழ் இல்லை.

கருவி இயங்கும் முறை

கம்பியில்லாத் தொலைபேசி உண்மையில் இரண்டு கருவிகளால் ஆனது. ஒன்று, சுவரிலுள்ள தொலைபேசி இணைப்போடும் மின்னிணைப்போடும் கட்டுண்டு ஓரிடத்தில் நிற்பது. அதைத் தளக்கருவி என்று அழைப்போம். மற்றொன்று, நாம் எடுத்துச் செல்லும் கைக்கருவி. இவ்விரண்டும் வானொலி அலைகளால் உரையாடுகின்றன. நம் குரலைக் கைக்கருவி அலையாக்கி அனுப்புகிறது; தளக்கருவி அதைப் பெற்றுக் கம்பியில் ஏற்றுகிறது. ஆகவே 'கம்பியில்லா' என்னும் அடைமொழி வீட்டின் உள்ளே மட்டுமே பொருந்தும். வீட்டிற்கு வெளியே கம்பி உண்டு. கைத்தொலைபேசியோ தெருவிலுள்ள அலைபரப்புக் கோபுரத்தோடு பேசுகிறது. இரண்டும் கையில் அடங்குவன என்பதால் ஒன்றென மயங்குவோர் பலர். சந்தைக்குச் செல்லும்போது கம்பியில்லாத் தொலைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு சென்ற பெரியவர்களையும் நாங்கள் கண்டிருக்கிறோம்.

தொடக்க காலக் கருவிகள் தாழ்ந்த அதிர்வெண்களில் இயங்கின. 1980களில் அமெரிக்காவில் 46, 49 மெகாஹெர்ட்ஸ் அலைகள் பயன்பட்டன. பின்னர் 900 மெகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ், 5.8 கிகாஹெர்ட்ஸ் என அதிர்வெண் உயர்ந்துகொண்டே சென்றது. 1990களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் 'டெக்ட்' என்னும் எண்ணியல் தரமுறை வகுக்கப்பட்டது. இன்று கடைகளில் கிடைக்கும் கம்பியில்லாத் தொலைபேசிகளுள் பெரும்பாலானவை இத்தரத்தைச் சார்ந்தவை. ஐரோப்பாவில் இது 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைப்பட்டையில் இயங்குகிறது. ஒரு நொடியை நூறு கூறாக்கி, ஒவ்வொரு கூற்றையும் மீண்டும் 24 சிறு இடங்களாகப் பகுத்து, 12 இடங்களில் தளக்கருவி பேச, 12 இடங்களில் கைக்கருவிகள் மறுமொழி கூறுகின்றன. ஒரே தளக்கருவியோடு பல கைக்கருவிகள் முட்டிமோதாமல் இயங்குவது இம்முறையால்தான்.

அமெரிக்காவிற்கு உரிய டெக்ட் கருவிகள் 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்குகின்றன. உலகின் பல பகுதிகளில் அந்தப் பட்டை கைத்தொலைபேசிச் சேவைக்கு ஒதுக்கப்பட்டது. எனவே அமெரிக்காவில் வாழும் உறவினர் அன்போடு வாங்கி அனுப்பும் தொலைபேசியை இங்கே மின்னிணைப்பில் செருகுவது முறையன்று. அது பிறர் அழைப்புகளுக்கு இடையூறாகும்.

பழைய கருவிகளில் மற்றொரு குறையும் இருந்தது. அவை குரலை மறைக்காமல் அனுப்பியமையால், அலைதேடும் வானொலி ஒன்றை வைத்திருப்போர் பக்கத்து வீட்டு உரையாடலைக் கேட்க முடிந்தது. எண்ணியல் முறை வந்தபின் மறையாக்கமும் வந்தது. வீட்டில் இருபது, இருபத்தைந்து ஆண்டு பழமையான கருவி இருப்பின், வங்கி விவரங்களை அதில் பேசாதிருப்பதே நன்று.

எல்லை குறைவது ஏன்?

டெக்ட் கருவிகளின் பெட்டியில் 'திறந்தவெளியில் 300 மீட்டர், கட்டடத்தின் உள்ளே 50 மீட்டர்' என்று அச்சிட்டிருப்பார்கள். நான்கறை வீவக வீடு ஏறத்தாழ 90 சதுர மீட்டர் பரப்புடையது. அதன் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு 50 மீட்டர் இருக்க வாய்ப்பே இல்லை. நாம் கூறிய அம்மையாரின் வீட்டில் தளக்கருவிக்கும் சமையலறைக்கும் இடையே எட்டு மீட்டர்கூட இல்லை. பிறகு ஏன் எட்டவில்லை?

தொலைவு அங்கே தடையன்று. இடையில் நின்றவையே தடை. தொலைவு இருமடங்கானால் அலையின் ஆற்றல் நான்கில் ஒன்றாகக் குறையும் என்பது திறந்தவெளிக்கு உரிய விதி. வீட்டின் உள்ளே அவ்விதியோடு சுவர்களின் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. பலகைத் தடுப்பும் மெல்லிய செங்கற்சுவரும் அலையைச் சிறிதளவே குறைக்கும். உள்ளே இரும்புக் கம்பி பின்னிய தடித்த கற்காரைச் சுவரோ ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்கையும் அதற்கு மேலும் விழுங்கிவிடக்கூடும். உலோகம் அலையைத் திருப்பி அனுப்பும். நீர் அதை உறிஞ்சும்.

சிங்கப்பூரில் 1998-ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து புதிய குடியிருப்புகளுக்குக் குடிமைத் தற்காப்புக் காப்பறை சட்டப்படி வேண்டப்படுகிறது. நாம் அதைப் பொருள் வைக்கும் அறையாகப் பயன்படுத்துகிறோம். தடித்த கற்காரைச் சுவர்களும் இரும்புக் கதவும் கொண்ட அறை அது. குண்டுவீச்சைத் தாங்குவதற்கு எழுப்பிய சுவர், சிறு தொலைபேசியின் அலையை எளிதில் விட்டுவிடுமா? அம்மையாரின் வீட்டில் கூடத்து மூலையில் தளக்கருவி. அதற்கு முன்னே மீன்தொட்டி. அடுத்து இரும்பு அலமாரி. அதற்கும் அப்பால் காப்பறை. காப்பறையின் மறுபுறம் சமையலறை. நீரும் இரும்பும் கற்காரையும் வரிசையாக நின்று வழிமறித்தன. எவரும் தவறு செய்யவில்லை. எல்லாப் பொருள்களும் வீட்டிற்கு அழகாகவே வைக்கப்பட்டிருந்தன.

நாங்கள் செய்தது மிகச் சிறிய செயல். சற்று நீண்ட இணைப்புக் கம்பி ஒன்றை வாங்கி, தளக்கருவியை மூன்று மீட்டர் நகர்த்தி, நடைவழியை நேராக நோக்கும் வண்ணம் ஒரு மரத்தட்டின் மீது உயர்த்தி வைத்தோம். சமையலறையில் மூன்று ஒலி நின்றது. புதிய மின்கலங்களால் தீராத குறை, மூன்று மீட்டர் கம்பியால் தீர்ந்தது.

உங்கள் வீட்டிலும் இந்தச் சோதனையைச் செய்து பார்க்க வேண்டுகிறோம். கைக்கருவியை எடுத்து உறவினர் ஒருவரை அழையுங்கள். பேசிக்கொண்டே ஒவ்வோர் அறைக்கும் செல்லுங்கள். கதவுகளைச் சாத்தியும் பாருங்கள், குளியலறையை மறவாதீர்கள். முதியோர் வழுக்கி விழும் இடங்களுள் அதுவும் ஒன்று. குரல் எங்கே உடைகிறது, எங்கே ஒலிக்குறிப்பு கேட்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவே உங்கள் வீட்டின் உண்மையான கூப்பிடு தூரம். பெட்டியில் அச்சிட்ட எண் அன்று.

எல்லையைப் பெருக்க வேறு வழிகளும் உண்டு. தளக்கருவியை வீட்டின் நடுவில், உயரமான இடத்தில் வைக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டி, தொலைக்காட்சி, முகம் பார்க்கும் பெரிய கண்ணாடி ஆகியவற்றின் பின்னே வைத்தல் ஆகாது; கண்ணாடியின் பின்புறப் பூச்சும் உலோகமே. 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவியாயின், நுண்ணலை அடுப்பிலிருந்தும் கம்பியில்லா இணையக் கருவியிலிருந்தும் விலக்கி வைப்பது நன்று. அவையும் அதே அலைப்பட்டையை அண்டியவை. சில தொலைபேசிகளில் ஆற்றல் சிக்கன முறை ஒன்று உண்டு. அது அலையின் வலிமையைக் குறைக்கும். எல்லையும் உடன் குறையும். எட்டாத குறை இருப்பின் அதை அணைத்துவைக்க வேண்டும். இவ்வளவிற்குப் பின்னும் எட்டவில்லையெனில், அந்தக் கருவியோடு ஒத்தியங்கும் அலைமீட்டி ஒன்றை இடைவழியில் பொருத்தலாம்.

வசதிகளும் அவற்றின் பெயர்களும்

இனி, பொத்தான்களைப் பற்றிச் சில சொற்கள். ஒரு பொத்தானின் பெயர் அதன் செயலைச் சொல்ல வேண்டும். பெயர் விளங்காதபோது மக்கள் பொத்தானை அஞ்சுகின்றனர்; அஞ்சிய பொத்தானை அழுத்துவதில்லை.

முதலாவது, எண்கள். முன்பு சுழல்வட்டு இருந்தது. அதைச் சுழற்றினால் இணைப்பு அந்த எண்ணுக்கேற்ப விட்டுவிட்டுத் துண்டிக்கப்படும். ஐந்திற்கு ஐந்து துடிப்பு, சுழியத்திற்குப் பத்துத் துடிப்பு. 1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பொத்தான் தொலைபேசி சேவைக்கு வந்தது. அதில் ஒவ்வோர் எண்ணும் இரண்டு ஒலிகளின் சேர்க்கை. ஐந்தை அழுத்தினால் 770 ஹெர்ட்ஸ், 1336 ஹெர்ட்ஸ் ஆகிய இரண்டும் ஒருங்கே ஒலிக்கும். 'தமிழுக்கு இந்த எண்ணை அழுத்துக' என்று பொறி கேட்கும்போது, அது செவிமடுப்பது இவ்விரட்டை ஒலியையே. சில கருவிகளில் துடிப்பு முறை, ஒலி முறை என இரு நிலைகள் உண்டு. எண்ணை அழுத்தியும் பொறி கேட்காததுபோல் இருந்தால், கருவி துடிப்பு முறையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்து, அழைத்த எண்ணையே மீண்டும் அழைப்பது 'மறுஅழைப்பு'. ஒரே பொத்தானில் ஒருவர் எண்ணை இருத்திவைப்பது 'விரைவழைப்பு'. நம் பேச்சு மறுமுனைக்குக் கேளாவண்ணம் செய்வது 'ஒலியடக்கம்'. மறுமுனையில் இருப்பவரைக் காக்கவைப்பது 'நிறுத்திவைப்பு'. ஒலியடக்கத்தில் அவர் பேசுவது நமக்குக் கேட்கும். நிறுத்திவைப்பில் இருவருக்கும் மற்றவர் குரல் கேளாது. இவ்வேறுபாட்டை அறியாமல், நிறுத்திவைத்ததாக எண்ணிக் குடும்பச் செய்தியை உரக்கப் பேசிவிட்டு வருந்தியோர் உண்டு.

பேசிக்கொண்டிருக்கும்போது இடையில் ஒரு மெல்லொலி கேட்டால், மற்றொருவர் அழைக்கிறார் என்பது பொருள். அது 'காத்திருக்கும் அழைப்பு'. அதற்கு மாற 'ஃபிளாஷ்' என்றோ, 'ஆர்' என்னும் ஆங்கில எழுத்தாலோ குறிக்கப்பட்ட பொத்தானை அழுத்த வேண்டும். அது இணைப்பை ஒரு கணம் துண்டித்து மீண்டும் சேர்க்கிறது. இணைப்பகம் அதை ஒரு கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. அந்தக் கணத்தின் நீளம் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் ஏறத்தாழ 100 மில்லிநொடி. அமெரிக்காவில் ஏறத்தாழ 600 மில்லிநொடி. பொருந்தாத அமைப்பில் அழுத்தினால் அழைப்பு மாறாமலே போகலாம், அறுந்தும் போகலாம். கருவியின் பட்டியலில் இந்நேரத்தை மாற்றும் வசதி பெரும்பாலும் உண்டு.

ஒரு கைக்கருவியிலிருந்து வீட்டின் மற்றொரு கைக்கருவியை அழைப்பது 'உள்ளழைப்பு'. இதற்குத் தொலைபேசிக் கட்டணம் இல்லை. தளக்கருவியில் உள்ள 'தேடல்' பொத்தானை அழுத்தினால், மெத்தையின் அடியில் மறைந்த கைக்கருவி ஒலியெழுப்பித் தன் இருப்பிடத்தைத் தெரிவிக்கும். புதிய கைக்கருவியைத் தளக்கருவியோடு சேர்ப்பது 'பதிவு செய்தல்'. பதிவு செய்யாத கைக்கருவி எவ்வளவு அருகில் இருந்தாலும் பேசாது.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சிறப்பாகச் சொல்ல வேண்டும். கைக்கருவி எட்டாத நிலையைத் தமிழில் எப்படிக் குறிப்பது? நாங்கள் முதலில் அம்மையாருக்காக ஒரு தாளில் 'மூன்று ஒலி: வரம்புக்கு அப்பால்' என்று எழுதினோம். அவர் அதைப் படித்துவிட்டு, "யாரப்பா வரம்பு மீறினது?" என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம்; பிறகு வெட்கப்பட்டோம். அகராதியைப் பார்த்து எழுதிய சொல் அவருக்கு ஒழுக்கத்தைப் பற்றிய சொல்லாகப் பட்டது. அதை அடித்துவிட்டு, 'மூன்று ஒலி: இங்கிருந்து எட்டாது, கூடத்துப் பக்கம் வாருங்கள்' என்று எழுதினோம். அதன்பின் விளக்கம் தேவைப்படவில்லை. சொல்லாக்கம் என்பது ஒரு மொழியின் சொல்லை மற்றொரு மொழியின் சொல்லால் ஈடு செய்வதோடு முடிவதன்று. கேட்பவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்கு விளங்கினால்தான் அது முற்றுப்பெறும்.

எண் காட்சி ஆளின் அடையாளம் ஆகாது

மற்றொரு சொல் இதைவிடக் கேடு விளைவிக்க வல்லது. அழைப்பவரின் எண்ணைத் திரையில் காட்டும் வசதியை 'அழைப்பாளர் அடையாளம்' என்று மொழிபெயர்த்து வழங்குகிறோம். ஆங்கிலச் சொல்லுக்கு அது சரியான ஈடு. ஆனால் தமிழில் 'அடையாளம்' என்றால், ஆளை உறுதிசெய்யும் சான்று என்றே எளிய மக்கள் பொருள் கொள்கின்றனர். உண்மையில் திரையில் தோன்றுவது, இணைப்பகம் அனுப்பிவைக்கும் எண்களின் கோவை மட்டுமே. அழைப்பது யார் என்பதை அது அறியாது. அந்த எண்ணையே பொய்யாகப் புனைந்து அனுப்பவும் முடியும். மோசடிக்காரர்கள் அதைச் செய்தும் வருகின்றனர். ஆகவே அதை 'எண் காட்சி' என்று அழைப்பதே தகும் என்பது எங்கள் கருத்து. காட்சி என்றால் காண்பது. நம்புவதோ நம்பாதிருப்பதோ காண்பவரைப் பொறுத்தது.

சிங்கப்பூரில் 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 15 முதல், வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளின் எண்ணுக்கு முன் கூட்டல் குறி சேர்க்கப்படுகிறது. உள்நாட்டு அழைப்புக்கு அக்குறி வராது. எனவே, காவல்துறை என்றும் வங்கி என்றும் சொல்லிக்கொண்டு கூட்டல் குறியோடு ஓர் அழைப்பு வந்தால் அதை எடுக்காதிருக்கலாம், எடுத்திருந்தால் வைத்துவிடலாம். குறி இல்லாத அழைப்பெல்லாம் நல்லது என்றும் முடிவு கட்டிவிட வேண்டா. ஐயம் இருப்பின், அழைத்தவர் தந்த எண்ணை விடுத்து, வங்கி அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணை நாமே அழைக்க வேண்டும். சிங்கப்பூரில் மோசடி பற்றிய ஐயங்களுக்கு 1799 என்னும் உதவி எண் உள்ளது. மலேசியாவில் பண மோசடிக்கு ஆளானோர் 997 என்னும் எண்ணை உடனே அழைக்கலாம்.

மின்சாரம் நின்றால்

பழைய கம்பித் தொலைபேசிக்கு வீட்டு மின்சாரம் தேவைப்படவில்லை. இணைப்பகமே அதன் கம்பியில் ஏறத்தாழ 48 வோல்ட் நேர்மின்னோட்டத்தை அனுப்பியது. ஊரே இருளில் மூழ்கினாலும் தொலைபேசி பேசியது. கம்பியில்லாத் தொலைபேசி அப்படியன்று. மின்சாரம் நின்றால் தளக்கருவி உறங்கிவிடும். கைக்கருவியின் மின்கலம் நிறைந்திருந்தாலும் பயனில்லை. ஒளியிழை வழியே வரும் இணைப்புக்கு, அதன் முனையக் கருவியும் மின்சாரத்தையே நம்பியிருக்கிறது. ஆகவே முதியோர் வாழும் வீட்டில், மின்னேற்றம் செய்த கைத்தொலைபேசி ஒன்றும் துணைக்கு இருத்தல் வேண்டும். அதில் சிங்கப்பூராயின் 995, 999 ஆகிய எண்களும், மலேசியாவாயின் 999 என்னும் எண்ணும் எளிதில் அழுத்தக்கூடிய வகையில் இருக்க வேண்டும்.

மின்கலத்தைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. பெரும்பாலான கைக்கருவிகளில் மீண்டும் மின்னேற்றத்தக்க நிக்கல் வகை மின்கலங்களே உள்ளன. அதே அளவுள்ள சாதாரண மின்கலத்தைக் கடையில் வாங்கிப் போட்டுத் தாங்கியில் வைத்தால், அது கசியவோ வெடிக்கவோ கூடும். அம்மையார் இருமுறை வாங்கியவை எவ்வகையின என்று பின்னர் பார்த்தோம். நற்பேறாக, கடைக்காரர் சரியானவற்றையே கொடுத்திருந்தார்.

நிறைவாக

பெரியோர்களே, நாம் இன்று கண்டவற்றைத் தொகுத்து நோக்குவோம். கம்பியில்லாத் தொலைபேசியின் எல்லையை வீட்டின் சுவரும் இரும்பும் நீருமே பெரும்பாலும் முடிவு செய்கின்றன. அது எட்டாதபோது ஒலியால் நமக்குத் தெரிவிக்கிறது. திரையில் தோன்றும் எண் ஆளுக்குச் சான்று ஆகாது. மின்சாரம் இல்லையேல் கருவியும் இல்லை. இவை நான்கும் கடினமான செய்திகள் அல்ல. ஆயினும் இவற்றைத் தமிழில் ஒருவர் சொல்லாமையால், ஒரு மூதாட்டி ஒரு மணி நேரம் ஈரத் தரையில் கிடந்தார்.

மொழி வாழ வேண்டும் என்று நாம் மேடைதோறும் முழங்குகிறோம். அது வாழும் இடங்களுள் ஒன்று, கூடத்து மூலையில் தொலைபேசிக்கு அருகே ஒட்டப்பட்ட ஒரு தாள். உங்களிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றே. இவ்வாரம் உங்கள் பெற்றோர் வீட்டிற்கோ பாட்டி வீட்டிற்கோ சென்று, கைக்கருவியோடு எல்லா அறைகளுக்கும் நடந்து பாருங்கள். பிறகு ஒரு தாளை எடுத்து, பெரிய எழுத்தில், அவர்கள் பேசும் தமிழில், எந்த ஒலி எதைச் சொல்கிறது, எந்தப் பொத்தான் எதைச் செய்கிறது, ஆபத்தில் எந்த எண்ணை அழைப்பது என்று எழுதி ஒட்டுங்கள். எழுதியதை அவர்களையே படிக்கச் சொல்லிக் கேளுங்கள். விளங்காத சொல்லை அடித்துவிட்டு, விளங்கும் சொல்லை அவர்களிடமே கேட்டு எழுதுங்கள்.

அந்த அம்மையாரின் வீட்டில் நாங்கள் ஒட்டிய தாள் இன்றும் இருக்கிறது. அதில் 'வரம்பு' என்னும் சொல்லை அடித்த கோடும் அப்படியே இருக்கிறது. வருவோர் போவோரிடமெல்லாம் அவர் அதைக் காட்டி, "எட்டாதுன்னா எட்டாதுன்னு எழுதணும்" என்று சொல்கிறார்.